இல்லந்தோறும் ஒரு தத்தன்

திருநீர்மலையில் நீர்வண்ணப் பெருமாளையும் மலைமேல் அரங்கநாதரையும் சேவிக்கும் அன்பர்கள், மாடம்பாக்கத்தில் தேனுபுரீசுவரரை வழிபடுவோர், நங்கநல்லூரில் 32 அடி உயர ஆஞ்சநேயர் முன் கைகூப்பி நிற்போர், குன்றத்தூர்க் குமரனின் படியேறுவோர் என்று தென்சென்னைப் புறநகரின் காலைப் பொழுது இன்றும் இறைவழிபாட்டுடனேயே தொடங்குகிறது. 1931-ஆம் ஆண்டு கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு இப்பகுதி மெல்ல மெல்ல வளர்ந்தது. அலுவலகம் சென்று திரும்பியோர் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் இராஜகீழ்ப்பாக்கத்திலும் சிறுகச் சிறுகச் சேமித்து வீடு கட்டினர். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியாயிற்று.

அவ்வீடுகளில் பல இன்று அடுக்ககங்களாகிவிட்டன. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ வசிக்க, தாயும் தந்தையும் மட்டும் இங்கிருக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குத் துணையாக ஒரு கைப்பேசி, வாசலில் ஒரு கேமரா, கூடத்தில் பேசினால் பதில் சொல்லும் ஒரு சிறு கருவி, கையில் நாடித்துடிப்பைக் கணக்கிடும் கடிகாரம் ஆகியவை வந்து சேர்ந்துள்ளன. இவை யாவும் இணையத்தால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. இவற்றால் விளையும் நன்மை யாது, தீமை யாது, எந்த இடத்தில் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதை மூத்தோர் அமைதியாகச் சிந்திக்க வேண்டிய காலம் இது.

நன்மையை மறைக்க வேண்டியதில்லை

2020-ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றின்போது கோயில்கள் பக்தர்களுக்கு மூடப்பட்டன. அவ்வாண்டு மே 4-ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் திருக்கல்யாணம் சிவாச்சாரியார்கள் சிலரை மட்டுமே கொண்டு நடைபெற்றது. பக்தர்கள் தத்தம் இல்லத்திலிருந்தே இணையம் வழியாக அதைக் கண்டு, பெண்கள் அந்த நேரத்தில் புதுத் தாலிச் சரடு மாற்றிக்கொண்டனர். குருக்ஷேத்திரத்தில் நிகழ்ந்ததை அரண்மனையில் இருந்த திருதராஷ்டிரனுக்குச் சஞ்சயன் எடுத்துரைத்ததைக் கதையாகக் கேட்டு வளர்ந்த தலைமுறை, தொலைவில் நடப்பதைத் தன் கண்ணாலேயே கண்டு கண்ணீர் மல்கிய நாள் அது. முழங்கால் வலியால் மலைப்படி ஏற இயலாதவர்களுக்கு இன்றும் அத்தகைய நேரலைகள் பெரும் ஆறுதல் அளிக்கின்றன.

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வங்கி வாசலில் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. 2014 நவம்பர் 10-ஆம் தேதி தொடங்கப்பெற்ற 'ஜீவன் பிரமாண்' திட்டத்தால் அச்சான்றிதழை மின்னணு முறையில் அளிக்கும் வசதி கிட்டியது. 2021 முதல் முகத்தைக் காட்டியே அதை முடித்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. விரல் ரேகை தேய்ந்துபோன முதியோருக்கு இது எத்துணை உதவி என்பதை அவர்களே அறிவர். 'இ-சஞ்சீவனி' என்னும் அரசுச் சேவையின் மூலம் வீட்டிலிருந்தபடியே மருத்துவரிடம் ஆலோசனை பெறலாம். ரயில் பயணச்சீட்டு, மின்கட்டணம், சொத்து வரி யாவற்றுக்கும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கண்பார்வை மங்கியவர்கள் வாயால் கேட்டவுடன் சுப்ரபாதமும் சஹஸ்ரநாமமும் ஒலிக்கின்றன. கடல் கடந்திருக்கும் பேரனின் முதல் நடையைத் தாத்தாவும் பாட்டியும் காண்கின்றனர்.

ஆகவே, "இந்தச் சனியனே வேண்டாம்" என்று கைப்பேசியைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது தீர்வாகாது. தனித்து வாழும் முதியவருக்கு அது வெளியுலகத்தோடு உள்ள உயிர்த்தொடர்பு. ஆனால் அதே தொடர்பின் வழியே வேறு சிலரும் வீட்டுக்குள் நுழைய முயல்கின்றனர்.

நாயனாரின் வாயிற்காவலர்

அறுபத்துமூவருள் ஒருவரான மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறு அன்பர்கள் அறிந்ததே. திருக்கோவலூரிலிருந்து சேதி நாட்டை ஆண்ட அம்மன்னரைப் போரில் வெல்ல இயலாத முத்தநாதன், மேனியெங்கும் திருநீறு பூசி, சடை முடித்து, சுவடிக் கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்து, அடியார் வேடத்தில் இரவு வேளையில் அரண்மனைக்கு வந்தான். வேடத்தைக் கண்ட காவலர்கள் வணங்கி வழிவிட்டனர். கடைசி வாயிலில் நின்ற தத்தன் மட்டும், மன்னர் துயில்கிறார், சமயம் அறிந்து செல்ல வேண்டும் என்று கூறினார். முத்தநாதன் அதைப் பொருட்படுத்தாது, ஆகமம் உபதேசிக்க வந்திருப்பதாகச் சொல்லி உள்ளே புகுந்தான். அதன் பின் நிகழ்ந்தது நெஞ்சை உருக்குவது. குத்துண்ட நிலையிலும் நாயனார் அவ்வேடத்தை வணங்கினார். வாளோங்கி வந்த தத்தனைத் தடுத்து, அவன் நம்மவன் என்று கூறி, ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடுமாறு பணித்தார்.

சிவவேடமே மெய்ப்பொருள் என்று கொண்டு தம் உயிரையே ஈந்தது நாயனாருக்கு உரிய பெருநிலை. இல்லறத்தில் இருப்போரின் நிலை வேறு. அவரது சேமிப்பு மனைவியின் மருத்துவத்துக்கும், இறுதிக்காலச் செலவுக்கும், திருமணமாகாத மகளுக்கும் உரியது. அதைக் காக்கும் பொறுப்பு அவருக்கு உண்டு. அத்தகையோருக்குத் தத்தனின் செயலில் ஒரு பாடம் இருக்கிறது. தத்தன் வந்தவனை அவமதிக்கவில்லை, அடித்து விரட்டவுமில்லை. இது தக்க வேளையன்று, பொறுத்திருங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். உண்மையான அடியாராக இருந்தால் விடியும் வரை காத்திருந்திருப்பார். காத்திருக்க மறுத்தவன் முத்தநாதன்.

இன்று கைப்பேசியில் வேடமிட்டு வருவோரும் காத்திருக்க மாட்டார்கள். "உடனே செய்யுங்கள்", "இன்னும் பத்து நிமிடத்தில் கணக்கு முடங்கிவிடும்", "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று அவசரப்படுத்துவதே அவர்களின் அடையாளம்.

காக்கிச் சட்டை வேடம்

'டிஜிட்டல் கைது' என்னும் சொல் இரண்டு மூன்று ஆண்டுகளாகச் செய்தித்தாள்களில் இடம்பெற்று வருகிறது. முதலில் ஓர் அழைப்பு வரும். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்றோ, உங்கள் ஆதார் எண்ணைக் கொண்டு கறுப்புப் பணம் கைமாறியது என்றோ சொல்வார்கள். பிறகு காணொளி அழைப்பில் காவல் சீருடை அணிந்த ஒருவர் தோன்றுவார். பின்னணியில் காவல் நிலையம் போன்ற காட்சி இருக்கும். கேமராவை அணைக்கக் கூடாது, மனைவி மக்களிடம் பேசக் கூடாது என்று மிரட்டுவார்கள். இறுதியில், "உங்கள் பணம் நேர்மையானதா என்று ரிசர்வ் வங்கி சரிபார்க்க வேண்டும்; இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்; திரும்ப வந்துவிடும்" என்பார்கள். வாழ்நாள் முழுவதும் ஒரு வழக்குக்கும் ஆளாகாத நல்லவர்களே இதில் அதிகம் அஞ்சிவிடுகிறார்கள். மானத்துக்குப் பயந்து வாழ்ந்தவர்களின் அந்தப் பயத்தையே மோசடிக்காரர்கள் கருவியாகக் கொள்கின்றனர்.

கல்வியோ செல்வமோ இதற்குக் கவசமாகாது. பஞ்சாபைச் சேர்ந்த வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவரும் பத்மபூஷண் விருது பெற்றவருமான எஸ்.பி.ஓஸ்வால், 2024-இல் தமது 82-ஆம் வயதில் இவ்வகை மோசடியில் 7 கோடி ரூபாயை இழந்தார். உச்ச நீதிமன்ற விசாரணை போன்றே ஒரு காணொளிக் காட்சியை அமைத்து, தலைமை நீதிபதி போல் ஒருவரை நடிக்கவும் வைத்திருந்தனர். புகார் அளித்த பின், அத்தொகையில் 5 கோடிக்கும் மேற்பட்டது மீட்கப்பட்டது.

2024 அக்டோபர் 27-ஆம் தேதி 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர் இதைக் குறித்து மக்களை எச்சரித்தார். சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று கிடையாது. நில்லுங்கள், சிந்தியுங்கள், பிறகு நடவடிக்கை எடுங்கள் என்பது அவர் கூறியதன் கருத்து. 2025 டிசம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நாடெங்கிலும் உள்ள இத்தகைய மோசடிகளை சி.பி.ஐ. விசாரிக்குமாறு உத்தரவிட்டது. நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி ஆணைகள் காட்டப்பட்டதை அது மிகக் கடுமையாக எடுத்துக்கொண்டது. அனைத்து வகை இணையவழி மோசடிகளிலும் 2024-ஆம் ஆண்டில் மட்டும் இந்திய மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

நினைவில் நிறுத்த வேண்டியவை எளியவை. காவல்துறை காணொளி அழைப்பில் எவரையும் கைது செய்வதில்லை. நீதிமன்றம் வாட்ஸ்அப் மூலம் பணம் கட்டச் சொல்வதில்லை. ரிசர்வ் வங்கி பொதுமக்களின் பணத்தைத் 'தூய்மையானதா' என்று சோதிக்கத் தன் கணக்குக்கு வரவழைப்பதில்லை.

இங்கு வங்கி பற்றியும் ஒரு சொல். நிரந்தர வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துப் பெருந்தொகையை அறிமுகமில்லாத கணக்குக்கு மாற்ற வரும் மூத்தோரிடம், "என்ன அவசரம் ஐயா? யாருக்கு அனுப்புகிறீர்கள்?" என்று கிளையில் கேட்பதுண்டு. "என் பணம், உனக்கென்ன?" என்று சினங்கொள்ளுதல் கூடாது. ஹைதராபாத்தில் ஒரு வங்கிக் கிளையின் ஊழியர்கள் இவ்வாறு கேட்டு, மூத்த வாடிக்கையாளரின் சேமிப்பைக் காப்பாற்றிய செய்தி 2024-இன் இறுதியில் வெளிவந்தது. அங்கே அந்த ஊழியர்தான் தத்தன்.

பக்தியின் பெயரால்

முத்தநாதன் திருநீற்றைப் பயன்படுத்தியதைப் போலவே, இன்றைய வஞ்சகர்களும் திருத்தலங்களின் பெயரைப் பயன்படுத்துகின்றனர். இது கோயிலுக்குச் செல்லும் குடும்பங்கள் தனியே கவனிக்க வேண்டிய செய்தி.

அயோத்தியில் 2024 ஜனவரி 22-ஆம் தேதி பிராணப் பிரதிஷ்டை நடைபெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, நன்கொடை என்ற பெயரில் போலி க்யூஆர் குறியீடுகள் சமூக ஊடகங்களில் பரப்பப்படுவதாக விசுவ ஹிந்து பரிஷத் எச்சரித்தது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் இணையதளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் 40க்கும் மேற்பட்டவை குறித்து 2023-இல் புகார்கள் பதிவாயின. கேதார்நாத் ஹெலிகாப்டர் முன்பதிவு, சோமநாதர் ஆலய விருந்தினர் இல்ல முன்பதிவு போன்றவற்றின் பெயரில் நடக்கும் மோசடிகளைக் குறித்து, உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் யாத்ரீகர்களை எச்சரித்தது.

தேடுபொறியில் முதலில் வருவது உண்மையான தளம் என்று எண்ணுதல் தவறு. பணம் கொடுத்தால் விளம்பரம் முதலிடத்தில் வரும். அரசுத் தளங்களின் முகவரி 'டாட் கவ் டாட் இன்' என்று முடியும். அறநிலையத்துறைக் கோயில்களுக்கான நன்கொடையையும் அன்னதானக் காணிக்கையையும் அத்துறையின் அதிகாரபூர்வ இணையதளம் வழியாகவோ, கோயில் அலுவலகத்தில் நேரில் செலுத்தி ரசீது பெற்றோ அளிப்பதே முறை. வங்கிகளின் இணைய முகவரிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியுமாறு மாற்றப்பட வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்திருந்தது. போலியைப் பிரித்தறிய இஃது ஓர் உதவி.

வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்றோ, போக்குவரத்து அபராதச் சீட்டு என்றோ, உயிர்வாழ் சான்றிதழ்ப் படிவம் என்றோ ஒரு கோப்பு வரலாம். அதன் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது படமோ கடிதமோ அன்று. கைப்பேசிக்குள் நிறுவப்படும் ஒரு செயலி. அதைத் தொட்டு நிறுவினால், கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்கள் யாவும் மறுமுனையில் இருப்பவனுக்கும் தெரியக்கூடும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் திறக்க வேண்டாம். அவருடைய கைப்பேசியும் முன்பே களவாடப்பட்டிருக்கலாம்.

யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ரகசியப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பின் எண்ணை இட்டாலே பணம் வெளியே செல்கிறது என்று பொருள். தனிநபர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி இம்மோசடிகளின் காரணமாகவே 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டது.

வீட்டுக்குள் ஒரு கண்

பணம் மட்டுமே களவு போகக்கூடிய பொருள் என்று எண்ணிவிடலாகாது. ஒரு குடும்பத்தின் அந்தரங்கமும் செல்வமே.

தனித்திருக்கும் பெற்றோரின் நலனுக்காகப் பிள்ளைகள் வீட்டில் கேமரா பொருத்துகின்றனர். நோக்கம் நல்லது. ஆயினும் அந்தக் கேமராவின் காட்சி பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் கணினியில் சேமிக்கப்பட்ட பின்னரே மகனின் கைப்பேசிக்குச் செல்கிறது. 2023 மே மாதம் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம், 'ரிங்' என்னும் வீட்டுக் கேமரா நிறுவனம் தன் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் அந்தரங்கக் காட்சிகளைக் காணும்படி விட்டது என்று குற்றம் சாட்டியது. அந்நிறுவனம் 58 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அதே நாளில், 'அலெக்ஸா' கருவியில் பதிவான குழந்தைகளின் குரலை நீக்காமல் வைத்திருந்ததாக எழுந்த வழக்கில் அமேசான் 2.5 கோடி டாலர் செலுத்த இசைந்தது.

நம் நாட்டிலும் 2025 பிப்ரவரியில் ஒரு வேதனையான செய்தி வெளிவந்தது. குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் திருடப்பட்டு, இணையத்தில் விலைக்கு விற்கப்பட்டன. அதே மாதத்தில், பிரயாக்ராஜ் மகா கும்பமேளாவில் புனித நீராடிய பெண்களைப் படம்பிடித்து வெளியிட்ட சமூக ஊடகக் கணக்குகள் மீது உத்தரப் பிரதேசக் காவல்துறை வழக்குப் பதிந்தது. தீர்த்தக் கரையில் நிற்கும் பெண்ணின் மானத்தைக் கூட விலைப்பொருளாக்கும் உலகம் இது.

ஆகவே கேமராவை எங்கே வைப்பது என்பதை வாங்குவதற்கு முன்பே குடும்பமாக அமர்ந்து முடிவு செய்ய வேண்டும். வாசலிலும் மாடிப்படியிலும் வைத்தால் காவல். படுக்கையறையிலும் உடை மாற்றும் இடத்திலும் கேமராவுக்கு இடமே இல்லை. கூடத்தில் வைப்பதானால் தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும். "அம்மாவுக்கு என்ன தெரியும்?" என்று அவர்களைக் கேளாமலே பொருத்துவது, அவர்களைக் காப்பதாகாது, கண்காணிப்பதாகும். வேட்டியை இறுக்கிக் கட்டவும் தயங்கி, சொந்த வீட்டிலேயே விருந்தாளி போல் நடமாடும் நிலை எந்தத் தந்தைக்கும் வரலாகாது. சமையலுக்கும் உதவிக்கும் வரும் பெண்களிடமும் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுதல் அறம். கேமராவோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். பேசும் கருவியை, வங்கி விவரமோ குடும்ப விஷயமோ பேசும் வேளையில் அணைத்து வைத்தல் நன்று.

நட்சத்திரமும் கோத்திரமும் யாருக்கு?

சந்நிதியில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம், கோத்திரம் சொல்வது வழக்கம். அங்கே அது இறைவன் திருமுன் சமர்ப்பிக்கப்படுகிறது. குருக்கள் அதை ஏட்டில் எழுதி விற்பதில்லை. இலவச ஜாதகம் கணிக்கும் செயலிகளிலும் 'பரிகாரம்' சொல்லும் முகமறியாத் தளங்களிலும் அதே விவரங்களை நிரப்பும்போது நிலைமை வேறு. பிறந்த தேதி, பிறந்த ஊர், தந்தை பெயர், கைப்பேசி எண் ஆகியவை ஒன்றுசேர்ந்தால், ஒருவரை அவர்தான் என்று அடையாளம் காட்டப் போதுமானவை. மகளின் திருமணம் தடைப்படுகிறது என்றோ, மகனுக்கு உடல்நலம் சரியில்லை என்றோ அங்கே எழுதினால், நம் குடும்பத்தின் கவலை எது என்பதையும் அந்நியருக்குச் சொல்லிவிடுகிறோம். பின்னொரு நாள் அந்தக் கவலையையே சொல்லி ஒருவன் அழைத்தால், அவனை ஞானி என்று எண்ண வேண்டாம்.

ஆதார் நகல் கேட்குமிடங்களில், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை இயன்றவரை அளிக்கலாம். விரல் ரேகையைத் தேவையான போது தவிர மற்ற நேரங்களில் பூட்டி வைக்கும் வசதியையும் ஆதார் ஆணையம் தருகிறது. காசி யாத்திரை போகும்போது, "வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டோம்" என்று படத்துடன் பதிவிட வேண்டாம். திரும்பி வந்து கங்கா தீர்த்தம் வழங்கும்போது படங்களைக் காட்டினால் போதும். புறப்படும் முன் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவித்துச் செல்வது நலம்.

அந்தரங்கம் என்பது மேல்நாட்டார் கண்டுபிடித்த ஆடம்பரம் என்று கருதுவோரும் உளர். இந்நாட்டில் அதை அடிப்படை உரிமையாக நிலைநாட்ட வழிவகுத்தவர் ஒரு முதியவர். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, 2012-இல் தமது 86-ஆம் வயதில் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவ்வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2024-இல் தமது 98-ஆம் வயதில் அவர் காலமானார். அதன் தொடர்ச்சியாகவே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டு, அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒருவரின் விவரத்தை எதற்காகப் பெறுகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்பதும், தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதும் அச்சட்டத்தின் சாரம்.

கோயிலுக்குள்ளேயே கைப்பேசிக்கு எல்லை வகுக்கப்பட்டதையும் இங்கு நினைக்கலாம். திருச்செந்தூர் தொடர்பான வழக்கில், 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆலயங்களின் தூய்மையையும் புனிதத்தையும் காக்கத் தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு உத்தரவிட்டது. கைப்பேசியை வாயிலில் ஒப்படைத்துவிட்டுச் சந்நிதியில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் மனம் எவ்வளவு ஒருமைப்படுகிறது என்பதைச் சென்றவர் அறிவர். இல்லத்துப் பூஜையறைக்கும் அவ்வெல்லையை வகுத்துக்கொள்ளத் தடையேதுமில்லை.

ஏமாந்தபின் நாணம் வேண்டாம்

இத்தனை கவனத்தையும் மீறி ஒருவர் ஏமாறலாம். அப்போது அவரை மேலும் வருத்துவது வெட்கம். "மகன் திட்டுவானே", "மருமகள் என்ன நினைப்பாள்" என்று மறைத்துவிடுகிறார்கள். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குச் சாதகம். ஏனெனில் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு விரைந்து மாற்றப்பட்டுவிடும். இடையிலேயே தடுத்தால்தான் மீட்க வழியுண்டு.

முதலில் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். அடுத்து வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு காவல்துறையில் புகார் அளிக்கலாம். 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்கெனத் தனிக் காவல் ஆணையரகம் இயங்கி வருவதால், இப்பகுதி மக்கள் சென்னை நகருக்குள் அலைய வேண்டியதில்லை.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று அனைவரும் அறியத்தக்கது. வாடிக்கையாளர் தவறோ வங்கியின் தவறோ இன்றி மூன்றாமவரால் பணம் போயிருந்து, வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்கு இழப்பேதும் இல்லை என்று அது கூறியது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஓடிபி, பின் எண் முதலியவற்றைத் தாமே பிறருக்குச் சொல்லியிருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு வாடிக்கையாளரையே சாரும். தெரிவித்த பின் நிகழும் இழப்பு வங்கியைச் சாரும். இரு நிலைகளிலும் விரைந்து தெரிவிப்பதே பயன் தரும். தனிமையிலும் மனக்கலக்கத்திலும் இருக்கும் முதியோர்க்கு 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணும் உண்டு.

பிள்ளைகளுக்கும் ஒரு கடமை உண்டு. பெற்றோர் சொல்லும்போது, "எத்தனை தடவை சொன்னேன்?" என்று கடிந்தால், அடுத்த முறை அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். "பரவாயில்லை அப்பா, உடனே சொன்னீர்களே, அதுவே நல்லது" என்னும் ஒரு சொல் அவர்களின் உயிரையே காக்கவல்லது.

இல்லத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய நியமங்கள்

கந்த சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் நியமம் உண்டு. கைப்பேசிக்கும் சில நியமங்களை ஏற்படுத்திக்கொள்ளலாம்.

பணம், காவல், வங்கி என்று எந்த அழைப்பு வந்தாலும், "வீட்டில் கலந்துகொண்டு நாளை சொல்கிறேன்" என்று கூறி இணைப்பைத் துண்டித்துவிடுதல். பிறகு பாஸ்புத்தகத்தில் அச்சிட்டுள்ள எண்ணுக்கோ கிளைக்கோ தாமே அழைத்துக் கேட்டல்.

குரலைப் போலவே குரல் செய்யும் நுட்பம் வந்துவிட்டதால், "தாத்தா, விபத்தாகிவிட்டது, பணம் அனுப்புங்கள்" என்று பேரன் குரலே கேட்டாலும் நிதானித்தல். குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே வைத்துக்கொண்டு, அதைக் கேட்டுச் சரிபார்த்தல்.

அன்றாடச் செலவுக்குச் சிறு தொகையுள்ள தனிக் கணக்கை மட்டும் யுபிஐயுடன் இணைத்து, ஓய்வூதியமும் வைப்புத்தொகையும் உள்ள கணக்கை அதிலிருந்து விலக்கி வைத்தல்.

யார் சொன்னாலும் திரையைப் பகிரும் செயலிகளைக் கைப்பேசியில் நிறுவாதிருத்தல்.

நம்பத்தக்க ஒருவரின் எண்ணைத் தொலைபேசி அருகில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தல். அவர் மகனாகவோ, எதிர் வீட்டுப் பெண்ணாகவோ, நாள்தோறும் கோயில் பிராகாரத்தில் சந்திக்கும் நண்பராகவோ இருக்கலாம். ஐயம் எழும் வேளையில், பணத்தைத் தொடுவதற்கு முன் அவரிடம் ஒரு சொல் கேட்டுவிட வேண்டும்.

பிரதோஷத்தன்று நந்தியைச் சுற்றி நிற்கும் கூட்டத்திலும், ஏகாதசி பஜனை முடிந்து பிரசாதம் பெறும் வேளையிலும் மூத்தோர் இவற்றை ஒருவரோடொருவர் பேசிக்கொண்டால், எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு காக்கப்படும். தமக்கு வந்த போலி அழைப்பைத் தயங்காமல் சொல்பவர், கேட்பவர்க்கெல்லாம் காவலாகிறார். அதுவும் ஓர் அடியார் பணியே.